காமா வீட்டுப் பிள்ளைகள்: பெரியப்பா வாங்கிய பட்டம், பிள்ளைகள் கொடுத்த விலை

கம்பத்தில் தம்பிரான் மாட்டுத் தொழு என்றால் தெரியாதவர் இல்லை. மாட்டுப் பொங்கலன்று பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் அங்கே திரண்டு வந்து, பட்டத்துக் காளையை வணங்கிச் செல்வார்கள். ஒரு காளை மறைந்தால் இன்னொரு காளைக்குப் பட்டம் கட்டுவார்கள். ஆனால் ஒன்று: பட்டம் சூடிய அந்தக் காளையை யாரும் சண்டைக்கு அழைப்பதில்லை. இருக்கும் நாள்வரை அதற்கு மாலையும் மரியாதையும்தான்.

மனிதர்கள் சூடிக்கொள்ளும் பட்டம் அப்படிப்பட்டதா? அதிலும் குஸ்திப் பட்டம்? இன்றைக்கு ஜெயித்தவனை நாளைக்கே ஒருவன் வா என்று கூப்பிடுவான். தகப்பனோ பெரியப்பனோ வாங்கிய பட்டமாக இருந்தால் தொல்லை இரண்டு மடங்கு. வாங்கியவர் போய்ச் சேர்ந்துவிடுவார். சவால் மட்டும் வீட்டு வாசலுக்கு வந்துகொண்டே இருக்கும். பிள்ளைகள் பதில் சொல்லியாக வேண்டும்.

அப்படிப் பதில் சொல்லியே வாழ்நாளைக் கழித்த ஒரு குடும்பம் பஞ்சாபில் இருந்தது. அதுதான் காமா பயில்வானின் குடும்பம். அந்த வீட்டின் இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகள் ஆப்பிரிக்காவுக்கும் லண்டனுக்கும் சென்று குஸ்தி போட்டார்கள். அவர்களில் ஒருவரான அக்ரம், தமது நாற்பத்தாறாவது வயதில் ஒரு ஜப்பானியரிடம் கையை ஒடித்துக்கொண்டார்!

லண்டனில் விட்ட சவால்

முதலில் பெரியப்பாவைப் பற்றித் தெரிந்துகொள்வோம். 1878-ம் ஆண்டு அமிர்தசரஸ் பகுதியில் பிறந்தவர் காமா. காஷ்மீரிலிருந்து வந்து பஞ்சாபில் தங்கிய வம்சம். அவருடைய தகப்பனாரும் பயில்வான்தான். பத்து வயதுப் பையனாக இருந்தபோதே ஜோத்பூரில் நடந்த பஸ்கிப் போட்டியில் நூற்றுக்கணக்கான பயில்வான்களோடு கலந்துகொண்டு, கடைசிவரை நின்ற சிலரில் ஒருவனாக இருந்தான் என்றும், மகாராஜாவே அவனை வெற்றி பெற்றவனாக அறிவித்தார் என்றும் சொல்வார்கள். பரோடா நகரத்துக் காட்சிசாலையில் இன்றும் ஒரு பெரிய கல் இருக்கிறது. அதன் எடை 1,200 கிலோ. 1902-ம் ஆண்டு காமா அதைத் தூக்கினார் என்று அதில் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

1910-ம் ஆண்டு காமாவும் அவர் தம்பி இமாம் பக்ஷும் லண்டனுக்குக் கப்பல் ஏறினார்கள். அங்கே போனதும் ஏமாற்றம் காத்திருந்தது. காமாவின் உயரம் ஐந்தே முக்கால் அடிக்கும் குறைவு. ‘இந்த ஆள் குள்ளம், பந்தயத்துக்கு லாயக்கில்லை’ என்று ஒதுக்கிவிட்டார்கள். காமா சும்மா இருப்பாரா? ‘எவ்வளவு எடையுள்ளவராக இருந்தாலும் சரி, எந்த மூன்று பேரையும் அரைமணி நேரத்துக்குள் வீழ்த்துகிறேன்’ என்று சவால் விட்டார். அமெரிக்காவின் பெஞ்சமின் ரோலர் முன்வந்தார். அவரை முதல் தடவை இரண்டு நிமிஷத்துக்குள் மல்லாத்தினார் காமா. இரண்டாம் தடவை பத்து நிமிஷத்துக்குள்!

பிறகு வந்தவர்தான் போலந்து நாட்டு மல்லர் ஸ்பிஸ்கோ. 1910 செப்டம்பர் 10-ந் தேதி இருவரும் மோதினார்கள். காமாவின் பலத்தை உணர்ந்த ஸ்பிஸ்கோ கிட்டத்தட்ட பந்தயம் முழுவதும் விரிப்போடு விரிப்பாகக் குப்புறப் படுத்துக்கொண்டார். அவரைப் புரட்டிப் போட இரண்டரை மணி நேரத்துக்கு மேல் முயன்றும் முடியவில்லை. பந்தயம் சமநிலையில் நின்றது. மறுபடியும் மோத 17-ந் தேதி குறித்தார்கள். அன்று காமா வந்தார், ஸ்பிஸ்கோ வரவில்லை. ‘ஜான் புல்’ இடைவாரும் பரிசும் காமாவுக்கே கிடைத்தன. அதே மாதம் தம்பி இமாம் பக்ஷ், சுவிட்சர்லாந்தின் ஜான் லெம் என்பவரைச் சில நிமிஷங்களிலேயே வீழ்த்தினார்.

ஊர் திரும்பிய காமா அலகாபாத்தில் ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலா என்ற மாபெரும் பயில்வானோடு மோதி ‘ருஸ்தும்-இ-ஹிந்த்’ பட்டத்தை வென்றார். இந்தியாவின் முதல் பயில்வான் என்பது அதன் பொருள். 1928-ல் பாட்டியாலா மகாராஜா ஸ்பிஸ்கோவை இந்தியாவுக்கே வரவழைத்தார். இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. லண்டனில் இரண்டரை மணி நேரத்தில் முடியாத காரியம் பாட்டியாலாவில் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்தது. ஸ்பிஸ்கோ மல்லாந்து கிடந்தார்!

வாரிசு யார்?

தோல்வியே காணாதவர் என்று பெயர் வாங்கிய காமாவுக்கு ஒரு குறை இருந்தது. அவருடைய ஆண் பிள்ளைகள் யாரும் நிலைக்கவில்லை. இளம் வயதிலேயே இறந்துபோனார்கள். ஆகவே அவருடைய வித்தையும் பெயரும் தம்பி இமாம் பக்ஷின் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தன.

மூத்தவர் மன்சூர் உசேன். 1922-ல் பிறந்தவர். போலு என்றால்தான் உலகத்துக்குத் தெரியும். அவருக்குக் கீழே அசம், அஸ்லம், அக்ரம், கோகா என்று தம்பிமார். போலுவுக்கு வஸ்தாதுகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு பக்கம் பெரியப்பா காமா, இன்னொரு பக்கம் தாய்மாமன் ஹமீதா. ஹமீதாவும் பேர்பெற்ற பயில்வான்தான்.

அந்த வீட்டில் பிள்ளை வளர்ப்பது என்றால் என்ன தெரியுமா? விடியும் முன் எழுந்து கோதாவுக்குப் போக வேண்டும். எண்ணெயும் மஞ்சளும் கலந்து பதப்படுத்திய மண்ணை மண்வெட்டியால் கொத்திப் புரட்ட வேண்டும். அதுவே ஒரு தேகப்பயிற்சி. பிறகு ஆயிரக்கணக்கில் தண்டால், பஸ்கி. அதற்கு மேல் கர்லாக்கட்டை சுற்றுவது. அதற்கும் மேல் ஒருவர் பின் ஒருவராக வரும் ஜோடிகளோடு பிடி போடுவது. பால், நெய், பாதாம் பருப்பு, ஆட்டிறைச்சிச் சாறு என்று சாப்பாடும் அதற்குத் தகுந்தபடி இருக்கும். இவ்வளவு செலவுக்கும் பணம் எங்கே? சமஸ்தானத்து மகாராஜாக்கள் கொடுத்தார்கள். பாட்டியாலா போன்ற அரண்மனைகள் குதிரை லாயம், யானைக் கொட்டாரம் வைத்திருந்ததுபோலப் பயில்வான்களையும் வைத்து ஆதரித்தன.

1947-ல் நாடு இரண்டானது. காமா குடும்பம் பாகிஸ்தானுக்கு உரியதாயிற்று. சமஸ்தானங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. பெற்ற தகப்பன்போல் இருந்து சோறு போட்ட அரண்மனைக் கதவுகள் மூடிக்கொண்டன. அந்திம காலத்தில் காமாவே நோயிலும் வறுமையிலும் சிரமப்பட்டார். எல்லைக்கு இப்பாலிருந்து தொழிலதிபர் பிர்லா அவருக்குப் பண உதவி செய்தார். 1960 மே 23-ந் தேதி லாகூரில் காமா கண்மூடினார்.

ஆக, இரண்டாம் தலைமுறையின் நிலைமை இதுதான். பெயர் இருந்தது, பெயரைப் போஷிக்க ராஜா இல்லை. இனிமேல் டிக்கெட் வாங்கிக்கொண்டு வரும் ஜனங்கள்தான் ராஜா!

மண்ணிலிருந்து மேடைக்கு

டிக்கெட் குஸ்தி வேறு வகை. மண் கோதாவில் எதிரியின் தோள்கள் தரையில் பட்டால் பந்தயம் முடிந்தது. குத்தும் அடியும் கிடையாது. மேடைக் குஸ்தியிலோ கயிறு கட்டிய சதுர மேடை, மணியடித்துச் சுற்றுகள், கைப்பூட்டு, கால்பூட்டு என்று எல்லாம் உண்டு. பாதி பலம், பாதி வேடிக்கை.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. 1950-களில் கிங்காங், தாராசிங் குஸ்தி என்றால் சென்னையில் கூட்டம் அலைமோதும். ஹங்கேரியில் பிறந்த கிங்காங்கின் தொப்பையைப் பற்றியும், பஞ்சாபில் பிறந்த தாராசிங்கின் கட்டுடலைப் பற்றியும் பட்டிதொட்டியெல்லாம் பேச்சு. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் கேளிக்கைப் பூங்காக்களில் இந்த மல்லர்கள் மோதுவதைப் பார்க்கத் தமிழர்களும் சீனர்களும் தோளோடு தோள் உரசி நின்றார்கள்.

தாராசிங்குக்கு ஒரு வசதி இருந்தது. அவர் தோற்றாலும் ஜெயித்தாலும் அது அவருடைய கணக்கு. அவருக்கு முன்னால் யாரும் பெயர் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. போலு சகோதரர்களுக்கு அப்படி இல்லை. அவர்கள் மேடை ஏறும்போதெல்லாம் கூடவே காமாவும் ஏறினார்.

போலு 1949-ல் கராச்சியில் யூனுஸ் பயில்வானை வென்று பாகிஸ்தானின் முதல் பயில்வான் ஆனார். உலக வீரர்களுக்கெல்லாம் அறைகூவல் விடுத்தார். ஆனால் தகுந்த எதிரி கிடைக்க அவர் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1967 மே மாதம், லண்டன் வெம்பிளி அரங்கில் ஆங்கிலோ-பிரெஞ்சு சாம்பியன் ஹென்றி பெர்ரியைத் தோற்கடித்தார். அப்போது அவருக்கு வயது 44. பெரியப்பாவும் தகப்பனாரும் பெயர் வாங்கிய அதே லண்டனில், ஐம்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வீட்டுப் பிள்ளையின் கை உயர்த்தப்பட்டது. இமாம் பக்ஷின் மகனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆப்பிரிக்காவில் அக்ரம்

தம்பி அக்ரம் 1930-ல் பிறந்தவர். அண்ணனைவிட அதிகமாகக் கடல் கடந்தவர். கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யாவிலும் உகாண்டாவிலும் பஞ்சாபியர் ஏராளம். வெள்ளைக்காரன் அங்கே ரயில் பாதை போட அழைத்துப்போன கூலிகளும், அவர்களைத் தொடர்ந்துபோன கடைக்காரர்களும், தச்சர்களும், அவர்கள் சந்ததியாரும்தான். ஊரை விட்டு வெகு தூரம் வந்தவர்களுக்கு ஊர்க் குஸ்தி என்றால் உயிர். மலையகத் தோட்டங்களில் இருந்த நம்மவர்களுக்குக் கூத்தும் காவடியும் எப்படியோ அப்படி!

அங்கேதான் அக்ரம் பெயர் எடுத்தார். ‘டபுள் டைகர்’ என்ற பட்டப்பெயரும் அவரோடு ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் உகாண்டாவின் சர்வாதிகாரியான இடி அமீன் அந்த நாளில் ராணுவத்தில் இருந்தவர்; குத்துச்சண்டையில் அந்நாட்டுச் சாம்பியன். அவரையும் அக்ரம் ஒரு கை பார்த்தார் என்று குஸ்தி ரசிகர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள்.

இப்படியே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. உடம்பு கனத்தது. வயது நாற்பதைத் தாண்டியது. சாதாரண பயில்வானாக இருந்தால், கோதாவின் ஓரத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு பையன்களுக்குப் பிடி சொல்லிக் கொடுக்கும் வயது.

கராச்சியில் அந்த மூன்றாவது சுற்று

1976-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி டோக்கியோவில் ஒரு விசித்திரமான பந்தயம் நடந்தது. ஒரு பக்கம் குத்துச்சண்டை மன்னர் முகமது அலி. இன்னொரு பக்கம் ஜப்பானிய மல்லர் அன்டோனியோ இனோக்கி. இனோக்கி பெரும்பாலும் தரையில் படுத்துக்கொண்டே அலியின் கால்களை உதைத்தார். பதினைந்து சுற்றுகளுக்குப் பிறகு சமநிலை. பார்த்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். ஆனால் இனோக்கியின் பெயர் உலகமெங்கும் பரவிவிட்டது.

அந்தப் பெயர் பாகிஸ்தானுக்கும் எட்டியது. அலியோடு மோதியவனோடு காமா வீட்டுப் பிள்ளை மோத வேண்டாமா? இனோக்கிக்கு அழைப்புப் போயிற்று. 1976 டிசம்பர் 12-ந் தேதி கராச்சி தேசிய ஸ்டேடியத்தில் பந்தயம் என்று முடிவாயிற்று. பல்லாயிரக்கணக்கான ஜனங்கள் திரண்டார்கள். இனோக்கிக்கு வயது 33. அக்ரமுக்கு 46!

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இனோக்கிக்கு வித்தை சொல்லித் தந்தவர்களில் முக்கியமானவர் கார்ல் காட்ச் என்ற ஐரோப்பியர். இங்கிலாந்தின் விகன் நகரத்துக் குஸ்திக் கூடத்தில் பூட்டுப் பிடிகளைக் கற்றவர். அவர் ஜப்பானிய இளைஞர்களுக்கு எடை தூக்கும் இரும்பைக் கொடுக்கவில்லை. நூற்றுக்கணக்கில் பஸ்கி எடுக்கச் சொன்னார். தண்டால் எடுக்கச் சொன்னார். கர்லாக்கட்டை சுற்றச் சொன்னார். எல்லாம் இந்தியப் பயில்வான்களின் பயிற்சி! ஜப்பானிய மல்லர்கள் பஸ்கியை ‘ஹிந்து’ என்ற அடைமொழியோடுதான் இன்றும் குறிப்பிடுகிறார்கள். அதாவது, காமா வளர்ந்த அதே பயிற்சியில் வளர்ந்த ஒருவர்தான் காமாவின் தம்பி மகனை எதிர்த்து நின்றார்.

வித்தியாசம் பிடியில் இருந்தது. எதிரியின் தோளை மண்ணில் படவைப்பது அக்ரம் கற்ற வித்தை. கீழே விழுந்த பிறகும் எதிரியின் மூட்டைப் பூட்டி முறுக்குவது இனோக்கி கற்ற வித்தை. பந்தயம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே இது வேடிக்கைக் குஸ்தி அல்ல என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இருவரும் நிஜமாகவே மோதினார்கள். கடியும் கண்குத்தும் கலந்த பந்தயம் என்று பிறகு இரு நாட்டாரும் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாவது சுற்று. அக்ரமின் கை இனோக்கியிடம் சிக்கிக்கொண்டது. இரண்டு கைகளாலும் மணிக்கட்டைப் பூட்டி, கையை முதுகுப் பக்கமாகத் திருகும் பிடி அது. அந்தப் பிடியில் சிக்கியவனுக்கு இரண்டே வழிகள்தான். ஒன்று, தோற்றேன் என்று தரையில் தட்ட வேண்டும். அல்லது கையை இழக்க வேண்டும்.

அக்ரம் தட்டவில்லை.

எப்படித் தட்டுவார்? கூடியிருந்த ஜனங்கள் அக்ரமைப் பார்க்க மட்டுமா வந்தார்கள்? தோல்வி அறியாத காமாவின் வீட்டுப் பிள்ளையைப் பார்க்க வந்தார்கள். 1910-ல் லண்டனில் சவால் விட்டபோது காமாவுக்கு வயது 32. வேண்டும் என்று நினைத்துத் தாமே விட்ட சவால் அது. அக்ரமுக்கு வந்ததோ, பிறந்த வீட்டினால் வந்த சவால். மறுக்கவும் முடியாது, தட்டவும் முடியாது.

கை தோளோடு நொறுங்கியது. டாக்டர் மேடையேறினார். பந்தயம் நின்றது. இனோக்கி வென்றார் என்று அறிவித்தார்கள். ‘ஒடித்துவிட்டேன்!’ என்று அவர் மேடையில் கத்தியது ஜப்பானில் இன்றும் பிரசித்தம்.

ஸ்டேடியத்தில் கூட்டம் கொந்தளித்தது. இனோக்கி இரண்டு கைகளையும் மேலே உயர்த்தினார். அதைக் கண்டதும் ஜனங்கள் அடங்கிப் போனார்களாம். தாங்கள் கையேந்தித் தொழுவதுபோலவே அந்த அந்நியரும் ஆண்டவனைத் தொழுகிறார் என்று அவர்கள் எண்ணிக்கொண்டதாகப் பிற்காலத்தில் இனோக்கியே சொன்னார்.

பேரப்பிள்ளை நின்றான்

அக்ரமின் ஒடிந்த கையோடு குடும்பத்தின் பெயரும் ஒடிந்ததாகச் சிலர் பேசினார்கள். வீட்டார் அப்படி விட்டுவிடவில்லை. அஸ்லமின் மகன் ஜுபைரை, ஜாரா என்பது அவனுடைய செல்லப் பெயர், கடும் பயிற்சியில் இறக்கினார்கள். 1979 ஜூன் 17-ந் தேதி லாகூர் கடாபி ஸ்டேடியத்தில் அதே இனோக்கிக்கு எதிராக அவன் நின்றான். இருபது வயதுகூட நிரம்பாத பையன்.

ஐந்து சுற்றுகள் நடந்தன. இனோக்கியால் அவனைப் பூட்டவும் முடியவில்லை, மண்டியிட வைக்கவும் முடியவில்லை. கடைசி மணி அடித்ததும் இனோக்கி தாமே ஜாராவின் கையைப் பிடித்து உயரத் தூக்கினார். லாகூர் முழுவதும் அன்று கொண்டாட்டம்.

ஆனால் அந்தப் பையனுக்கு அதற்குப் பின்னால் அவ்வளவு பெரிய நாள் வாய்க்கவில்லை. 1991-ல், முப்பதை ஒட்டிய வயதிலேயே ஜாரா இறந்துபோனார். அதற்கு முன்பே பெரியவர்கள் மறைந்துவிட்டார்கள். 1985-ல் போலு, 1987-ல் அக்ரம், 1989-ல் அஸ்லம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழும்பிய ஒரு பெயரைத் தாங்கி நின்ற தூண்கள் அநேகமாக ஐந்தாறு ஆண்டுகளில் சாய்ந்துவிட்டன. அந்த வீட்டுப் பெயர் பிறகு அரசியல் வழியில்தான் அதிகமாகக் கேட்டது. பாகிஸ்தான் பிரதமராக இருந்த நவாஸ் ஷெரீபின் மனைவி குல்சூம், காமாவின் பேத்தி.

எதிரியின் மரியாதை

இந்தக் கதையில் ஆச்சரியமான பாத்திரம் இனோக்கிதான். கையை ஒடித்தவரைப் பாகிஸ்தான் வெறுக்கவில்லை. ‘இனோக்கி பயில்வான்’ என்று தன்னுடைய ஆளாகவே ஏற்றுக்கொண்டது. அவரும் அந்த நாட்டை மறக்கவில்லை. பல தடவை வந்து போனார். 2012-ல் லாகூருக்கு வந்தபோது, அக்ரமும் ஜாராவும் அடக்கமான இடங்களுக்குச் சென்று மரியாதை செலுத்தினார். பின்னர் அந்தக் குடும்பத்துப் பையன் ஒருவனை ஜப்பானுக்கு அழைத்துப்போய்ப் பயிற்சி கொடுக்கவும் ஏற்பாடு செய்தார். 2022 அக்டோபர் 1-ந் தேதி, தமது 79-வது வயதில் இனோக்கி காலமானபோது, பாகிஸ்தானிலும் அவருக்காக வருந்தினார்கள்.

இனோக்கி ஜெயித்த பந்தயங்கள் அநேகம். ஆனாலும் கராச்சியில் தமக்கு எதிரே நின்ற மனிதரின் வயது அவருக்குத் தெரியும். அந்த மனிதர் ஏன் தட்டவில்லை என்பதும் தெரியும். மண்ணைப் பூசிக்கொண்டு விடியற்காலையில் பஸ்கி எடுக்கும் பையன்கள் நம் நாட்டில் இன்றும் எத்தனையோ கோதாக்களில் இருக்கிறார்கள். அவர்களில் வஸ்தாதுகளின் பிள்ளைகளும் உண்டு. தகப்பன் பெயரைக் காப்பாற்று என்று அவர்களுக்குச் சொல்லாத ஊர் இல்லை. உடம்பு முடியாதபோது ஒதுங்கிக்கொள், அதில் அவமானம் இல்லை என்றும் அந்தப் பையனிடம் ஒருவர் சொல்லி வைப்பது நல்லது. அக்ரமுக்கு அதைச் சொல்ல அன்று யாரும் இருக்கவில்லை.